பஸ்ஸுக்குள் நூறு குதிரை

குதிரையேற்றம் ஆயுள் முழுக்கப் படித்தாலும் தீராதாம். கிரேக்கத்து செனபோன் 2300 ஆண்டுக்கு முன்பே நூல் எழுதிக் கொடுத்தும், வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் இன்றும் ஆண்டுக்கணக்கில் உட்காரத்தான் பழகுகிறார்கள். என்ன மந்தம்! வரக்காப்பொலயைப் பாருங்கள். 1832இல் தொடங்கிய கொழும்பு–கண்டி தபால் வண்டியின் குதிரைகள் ஓடிய தடத்தில், இன்று ஒவ்வொரு தனியார் பஸ்ஸுக்குள்ளும் நூறு குதிரைவலு பாய்கிறது. சாரதிக்குத் தேவை ஓர் அனுமதிப்பத்திரம், ஒரு ஹோர்ன், முன்கண்ணாடிக்கு மேலே கலர் பல்பு மின்னும் சாமி படம்.

குதிரைக்குப் புத்தியுண்டே என்பார்கள். அதுதானே அதன் குறை! எதிரே லொறி வரும் வளைவில், எவ்வளவு விரட்டினாலும் காதை மடித்துக்கொண்டு நின்றுவிடும். இந்தக் கோழைப் பிராணியை நம்பி, பின்னால் வரும் பஸ்ஸை முந்தி அடுத்த தரிப்பில் ஆள் ஏற்ற முடியுமா?

பயிற்சியே இல்லை என்பதும் வீண்பழி. பயிற்சி பயணிகளுக்கு நடக்கிறது. ஒரு கையில் மேல்கம்பி, மறு கையில் மரக்கறிப் பை. முழங்காலைத் தளர்த்தி, பிரேக் விழுமுன்பே உடம்பைச் சாய்த்துவிடுகிறார்கள். வியன்னாவில் வருடக்கணக்கில் வரும் சமநிலை, இங்கே கேகாலை வருவதற்குள் வந்துவிடுகிறது. கட்டணத்துக்கு மிச்சக் காசுதான் வருவதில்லை.