உழாமல் டிராக்டர் வைத்திருப்பது எப்படி?

நிலத்தை உழ வேண்டுமென்றால் மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஒரு வண்டியைக் கூப்பிடுங்கள். வருவான், உழுவான், காசை வாங்கிக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் நீங்கள் கால் நீட்டி உட்காரலாம். பழைய டிராக்டர் வாங்குகிறவனுக்கு உழவு ஒரு சாக்கு, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

எதை வாங்குவது? எங்கள் கோபிப் பக்கத்தில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 'மேஸி 1035' என்பார்கள். சென்னை டாஃபே கம்பெனியின் சிவப்பு வண்டி. சிம்சன் இன்ஜின், மூன்று சிலிண்டர், 35 குதிரைத் திறன். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. கெட்டுப்போனால் எது கெட்டது என்று கண்ணால் பார்க்கலாம். அதைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்தால் அதையும் கண்ணால் பார்க்கலாம்.

வண்டி பார்க்கப் போகும்போது முன்கூட்டி போன் செய்யாதீர்கள். செய்தால் விற்கிறவர் விடியற்காலையிலேயே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்துவிடுவார். சூடான டீசல் இன்ஜின் எவன் தட்டினாலும் கிளம்பும். பச்சைத் தண்ணீராகக் கிடக்கும்போது கிளம்புகிறதா என்பதுதான் பரீட்சை. போனதும் இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். நான் கையை வைத்தேன், சூடாக இருந்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். புதுச் சிவப்புப் பெயின்ட் கண்ணை மறைத்துவிட்டது.

ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். என் வண்டியின் புத்தகத்தில் இருந்த பெயருக்கும் எனக்கு விற்றவருக்கும் நடுவில் மூன்று கை மாறியிருந்தது. "எல்லாம் வாய்ப்பேச்சுலயே முடிச்சதுங்க, தங்கமானவங்க" என்றார். வாய்ப்பேச்சில் டிராக்டர் வியாபாரம் செய்தவர்களில் பெரிய கைகளும் உண்டு. இந்த வண்டியின் முழுப் பெயரான மேஸி ஃபெர்குசனில் பாதியாக இருக்கிற ஹாரி ஃபெர்குசன், 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் போட்டார். ஃபோர்டின் பேரன் காலத்தில் அது கோர்ட்டுக்குப் போய், 1952-இல் 92.5 லட்சம் டாலருக்கு ராஜியானது. நமக்கு அவ்வளவு வராது. ஆகவே எழுதி வாங்குங்கள்.

வண்டி வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர் செட் வாங்கப் போவீர்கள். கடைக்காரர் மில்லிமீட்டர் செட் கொடுப்பார். சந்தோஷமாக வாங்கி வந்து ஒரு போல்ட்டில் மாட்டுவீர்கள். 14 நுழையாது. 15 ஆடும். பழைய மேஸி இங்கிலாந்து வம்சம். அதன் நட்டு போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. நீங்கள் மாட்டப் பார்த்தது 9/16 அங்குலம், அதாவது 14.3 மில்லிமீட்டர், வண்டியில் திரும்புகிற பக்கமெல்லாம் இதுதான். 3/4 போல்ட்டுக்கு 19 கனகச்சிதமாக உட்காரும், 5/8-க்கு 16 பரவாயில்லை. 1/2-க்கு 13-ஐப் போட்டால் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். அதுதான் ஆபத்து. இறுக்கமாக இருக்கிற போல்ட்டில் ரெண்டு தடவை வழுக்கினால் ஆறு மூலையும் மழுங்கி, உருண்டை மிட்டாய் மாதிரி ஆகிவிடும். பிறகு உளி, சுத்தியல், கெட்ட வார்த்தை. அங்குல செட்டைத் தனியாக வாங்குங்கள். அதை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

அடுத்து, ஏர் லாக். டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்பதைக் குச்சி விட்டுப் பார்க்கிற பழக்கம் வரும்வரை இது மாதம் ஒருமுறை நடக்கும். டீசல் தீர்ந்து, குழாயில் காற்று புகுந்துவிட்டால், அப்புறம் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வண்டி கிளம்பாது. ஃபில்டர் தலையில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்துங்கள். பக்கவாட்டில் இருக்கும் கைப் பம்பு நெம்புகோலை விரலால் அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி வரும். பிறகு முத்து முத்தாகக் குமிழி. பிறகு குமிழியே இல்லாமல் சுத்தமான டீசல் வழியும். அந்த நொடியில் திருகை முறுக்க வேண்டும். அடுத்தது பெரிய பம்பின் திருகு, அதே கதை. கடைசியில் நாசிலுக்குப் போகும் மூன்று குழாய்களின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். முதலில் ஒரு சிலிண்டர் 'டப்' என்னும், பிறகு இரண்டு, பிறகு மூன்றும் சேர்ந்துகொள்ளும். அந்த மூன்றாவது சேரும்போது வருகிற சந்தோஷத்துக்கு என்னிடம் சொல் இல்லை. சட்டை முழுக்க டீசல் இருக்கும். அதைச் சோற்றுக் கையிலும் இரண்டு நாள் முகரலாம்.

இதே நட்டை வைத்து எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு வித்தை காட்டுவார். வண்டி திக்கித் திக்கி ஓடினால், ஓடும்போதே நாசில் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். முதலாவதைத் தளர்த்தினால் சத்தம் தடுமாறும். அது நல்லது, அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் சும்மா இருக்கிற ஆள். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். நட்டு கிடைக்காது என்றார்.

பேட்டரி வாங்கக் காசில்லாத மாதங்களில் வண்டியை மேட்டில்தான் நிறுத்த வேண்டும். அதற்கென்று வாசலில் மண் கொட்டி ஒரு மேடு போட்டுக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்காதீர்கள். நான் மறந்த அன்று, வண்டி என்னைக் கேட்காமல் கிளம்பிக் கத்திரிப் பாத்திக்குள் போய் நின்றது. இரண்டு வருஷத்தில் அது எங்கள் காட்டுக்குள் இறங்கியது அன்றைக்குத்தான்.

புகையைப் பற்றி நீங்கள் படிக்க வேண்டியதில்லை, டீக்கடையில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். கறுப்பென்றால் காற்றுப் போதவில்லை, நீலமென்றால் ஆயில் எரிகிறது, வெள்ளையென்றால் டீசல் எரியாமலே போகிறது. என்னுடையது காலையில் வெள்ளை, மத்தியானம் நீலம்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. பின்னால் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. வேட்டி நுனியோ துண்டோ மாட்டினால் உதறக்கூட நேரமிருக்காது. பேன்ட் போட்டுக்கொண்டு போங்கள்.

வீட்டில் என்ன சொல்வது என்பது தனிப் பாடம். "காளை நின்னாலும் சாணியாவது போடும். இது என்ன போடும்?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் கோலம் போட வந்தவர், வாசலில் தட்டகலத்துக்குக் கறுப்பாகத் தேங்கியிருந்ததைக் காட்டி, "ஆயில் போட்டிருக்குது" என்றார்.

அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்ல மட்டும் வரலாறு உதவும். "ஏன் மாப்பிள்ளை, வாய்க்கா மேடு வரைக்கும் போகுமா இது?" என்று மாமா கேட்டால், தென் துருவம் வரைக்கும் போயிருக்கிறது என்று சொல்லுங்கள். பொய்யில்லை. ஃபெர்குசனின் சாம்பல் நிறக் குட்டி வண்டி டி.இ.20, இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதில் சக்கரத்துக்குப் பட்டை மாட்டி, எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தைத் தொட்டார். அந்தக் குட்டியின் வாரிசு 35, அதன் இந்திய அவதாரம் 1035. பின்னால் கலப்பையை மூன்று கைகளால் பிடித்திருக்கிற அமைப்பும் ஃபெர்குசன் கொடுத்ததுதான். கலப்பை மண்ணில் இறுகினால் மேலேயிருக்கும் டாப் லிங்க் வண்டியை நோக்கித் தள்ளும், ஒரு ஸ்பிரிங் அந்தத் தள்ளலை வாங்கி ஹைட்ராலிக்குக்குச் சொல்லும், அது கலப்பையை ஒரு விரற்கடை தூக்கிக் கொடுக்கும். எல்லாம் தானாக. என் வண்டியில் ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்கும், கொஞ்ச நேரத்தில் தானாகவே இறக்கியும் விடும். அதைச் சரிசெய்யத்தான் போன மாதம் மேல் மூடியைக் கழற்றினேன்.

மூடி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. பொங்கலிலிருந்து என் 9/16 ரிங் ஸ்பானரைக் காணோம். இதைப் படிக்கிறவர்களில் யார் எடுத்துப் போனீர்களோ, ராத்திரியில் வந்து மூடி மேலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒன்றும் கேட்க மாட்டேன்.