ஹிஸ்டரி காலி, அப்பா உஷார்
வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர், அதில் விண்டோஸ் எக்ஸ்பி என்றிருந்த காலத்தில், 'ஹிஸ்டரியை அழி' பொத்தானை அமுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய பிள்ளைகள் புண்ணியவான்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வெளியே தெரிகிற பட்டியலைத்தான் துடைத்தது. போய்வந்த முகவரிகளெல்லாம் 'இண்டெக்ஸ் டாட் டேட்' என்ற கோப்பில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

அதைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடு. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி ஒரு டிக் அடித்தால் போதாது. சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் இன்னொரு டிக்கை எடுக்க வேண்டும். எடுத்தால், பெண் கொடுக்கப் போகிற மாமனார் மாதிரி 'நிச்சயமாகத்தானா?' என்று ஒரு விசாரணை. அப்புறமும் 'கன்டென்ட் ஐஇ5' ஃபோல்டர் முகம் காட்டாது. முழு முகவரியையும் கையால் தட்டினால்தான் தரிசனம். உள்ளே, வாயில் நுழையாத எட்டெழுத்துப் பெயர்களில் குட்டி ஃபோல்டர்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, அழிக்கலாம் என்றால், 'வேறொரு நபரோ புரோகிராமோ இதைப் பயன்படுத்துகிறது' என்று பதில் வரும். நள்ளிரவில், தனி அறையில், அந்த 'வேறொரு நபர்' யார் என்று திரும்பிப் பார்க்காதவர் உண்டா? வேறொன்றுமில்லை, விண்டோஸேதான் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

2008-இல், ஹிஸ்டரியே எழுதாத குரோம் பிரவுசரின் இன்காக்னிட்டோ வந்தது. அதுவும் டவுன்லோடு செய்த கோப்பை அப்படியே விட்டுவிட்டுத்தான் போகும்.

இத்தனைக்கும் மறைந்த கோப்பைத் தேடுகிற அப்பா எந்த வீட்டிலும் இல்லை. அவர் காலையில் வந்து முகவரிக் கட்டத்தில் ஒரு எழுத்தைத் தட்டுவார். கீழே பழைய முகவரி ஒன்றும் விழாது.

"டேய், நான் தினம் பாக்குற ராசிபலன் எங்கடா போச்சு? ராத்திரி என்னத்தடா அழிச்ச?"