கெடாத் தோட்டப்புறங்களில் லைன் மாற்றும் மரபு: ஒரு திணைநிலை ஆய்வு

கெடாவைப் பற்றி எந்தத் தமிழ் ஆய்வை எடுத்தாலும் அது இராசேந்திர சோழனில்தான் தொடங்கும். நாமும் மரபை மீற வேண்டாம். 1025-இல் சோழர் படை கடாரத்தைத் தாக்கியது. கரையிறங்கிய வீரர்களுக்கு எத்தனை கோடு லைன் கிடைத்தது என்பது பற்றித் தஞ்சைக் கல்வெட்டு ஒன்றும் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்கள் கைவிட்ட இந்த இடத்திலிருந்து நம் ஆய்வு புறப்படுகிறது.

ஆய்வுப்பொருள், எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் கலை. சுங்கைப்பட்டாணிக் கைப்பேசிக் கடைகளில் ‘போர்ட் பண்றது’ என்பார்கள். மலேசியாவில் இந்த வசதி 2008-இல் வந்தது. அதற்கு முன்னால் எண்ணின் தலையைப் பார்த்தே குலத்தைச் சொல்லிவிடலாம்: 012 என்றால் மெக்சிஸ், 019 என்றால் செல்கோம், 016 என்றால் டிஜி. டிஎம் டச்சில் வளர்ந்த 013 செல்கோமுக்கும், டைம்செல்லில் வளர்ந்த 017 மெக்சிஸுக்கும் பின்னாளில் வாழ்க்கைப்பட்டன. ஒரே கம்பெனிக்குள் பேசினால் காசு குறைவு என்பதால், நிச்சயம் முடிந்த கையோடு பெண்ணின் குலத்தில் ஒரு சிம் வாங்கிக்கொண்ட மாப்பிள்ளைகள் அந்தக் காலத்தில் உண்டு. 2008-க்குப் பிறகு முன்னெண் பிறந்த வீட்டைச் சொல்லும், புகுந்த வீட்டைச் சொல்லாது.

ஏன் மாற்றுகிறார்கள்? இதற்கு விடை காணத் தொல்காப்பியத்தை விட்டால் வேறு நூல் இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் ஒரு மணி நேரக் கார் ஓட்டத்துக்குள் கிடைப்பது கெடாவின் சிறப்பு. 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை குறிஞ்சி. பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில் பக்கத்து ரப்பர், செம்பனைக் காடுகளை முல்லை எனக் கொள்க. அலோர்ஸ்டாரைச் சுற்றிய வயல்வெளி மருதம். தஞ்சோங் டாவாய் நெய்தல். பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் ஒதுக்கவில்லை. அவருடைய தொலைநோக்கை இங்கேதான் வியக்க வேண்டும். லைன் போன இடமெல்லாம் பாலை. வரவேற்பறை மருதமாகவும் அதே வீட்டின் குசினி பாலையாகவும் இருக்கலாம். பிரிவுதான் பாலையின் உரிப்பொருள் என்பதால், குசினியில் நிற்கும் அம்மாதான் கம்பெனியைப் பிரியும் முடிவை முதலில் எடுக்கிறார்.

தோட்டத்துப் பாலைக்குக் காரணம் உண்டு. ஆள் நிறைய இருக்கும் இடத்தில்தான் கம்பெனிக்காரன் டவர் நடுவான். தோட்டத்திலோ ஆள் குறைந்துகொண்டே போகிறது. போதாக்குறைக்கு லயம் பள்ளத்திலும் பெரிய துரை பங்களா மேட்டிலும் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து நகரமைப்பு. மேட்டில் நான்கு கோடு, பள்ளத்தில் ஒன்று. வர்க்கப் பார்வையில் இதை ஆராய விரும்புவோருக்கு வழிவிட்டு நகர்கிறேன்.

ஐந்திணைக்கு வெளியே உள்ளவற்றையும் விட்டுவிடக் கூடாது. நாம் சாப்பிட உட்கார்ந்ததும் புதுச் சலுகை சொல்ல அழைக்கும் கம்பெனியின் காதல் கைக்கிளை, ஒருதலைக் காமம். விலையுயர்ந்த கைப்பேசிக்கு ஆசைப்பட்டு இருபத்து நான்கு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பெருந்திணை, பொருந்தாக் காமம்.

எண்ணையே தூக்கிப் போட்டுவிட்டால் இவ்வளவு பாடு இல்லையே என்று நகரத்து அறிஞர் கேட்கக்கூடும். கெடாவில் எண்ணை மாற்றுபவர் ஒரே வகையினர்தான்: மாதக் கூத்தில் முதல் சீட்டை எடுத்துவிட்டவர். மற்றவர்களுக்கு எண்தான் ஊர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. லயத்துச் சனம் சுங்கைப்பட்டாணி, கூலிம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தது. வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாம் மாறின. பிறையில் இருக்கும் நாத்தனார் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய எண் மட்டும் அப்படியே இருக்கிறது. கோயில் கமிட்டி, கல்யாணத் தரகர், பெக்டரி வேன் டிரைவர், வங்கி, வாட்சாப் எல்லாருக்கும் தெரிந்த முகவரி அது ஒன்றே.

சரி, அந்த எண் யாருடையது? நம் ஆய்வின் மையச் சிக்கல் இதுதான். 2006-இல் முன்கட்டண சிம் வைத்திருப்போர் எல்லாரும் பெயரைப் பதிய வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அப்போது யார் ஐசி கைக்கு எட்டியதோ, அந்த ஐசியில் பதிந்தார்கள். தாத்தா வீட்டில் சும்மா இருந்தார். அவர் பெயரில் பாட்டி, சின்ன மாமா, பக்கத்து வீட்டுப் பையன் எல்லாருடைய லைனும் ஏறின. யாருக்கும் தொந்தரவில்லை. பதினைந்து வருடம் கழித்து கம்பெனி மாற்றப் போகும்போதுதான் சாயம் வெளுக்கும். பதிவில் உள்ள பெயரும் ஐசி எண்ணும் நீட்டுகிற ஐசியோடு ஒத்துப்போகாவிட்டால் போர்ட் நடக்காது. அகத்திணையில் தோழி செய்யும் தூது வேலையைச் செய்பவர் கடைப்பையன். அவர் உரையாடலை மாதிரிக்குத் தருகிறேன்.

“ஆண்ட்டி, இந்த லைன் யாரு பேருல இருக்கு?”

“எங்க வீட்டுக்காரரு பேருல தம்பி.”

“அவரு ஐசியோட நேர்ல வரணும், ஆண்ட்டி.”

“அவரு வந்தா நானே பயந்துருவேன். போயி ஏழு வருசம் ஆச்சு.”

இறந்தவர் பெயரில் உள்ள லைனை முதலில் பழைய கம்பெனியிலேயே தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புப் பத்திரம் கேட்பார்கள், உறவுக்குச் சான்று கேட்பார்கள். நிலத்துக்குப் பட்டா மாற்றத் தெரிந்த குடும்பங்கள்கூட எண்ணுக்குப் பட்டா மாற்ற மறந்துவிடுகின்றன. காணி நிலம் இல்லாத தோட்டக்குடிக்குத் தாத்தா வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து 012-இல் தொடங்கும் பத்து இலக்கமாக இருக்கலாம் என்பது என் கருத்து. இதை மறுப்பவர்கள் அந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம்.

பெயர் சரியாக இருந்தால் மீதி எளிது. பழைய லைனை நாமே முன்கூட்டி வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் எண்ணும் சேர்ந்து போகும். பில் பாக்கி இருந்தால் கட்டிவிட வேண்டும். டாப் அப் போட்ட மிச்சக் காசு நம்மோடு கூடவே வராது. அதைப் புறப்படுவதற்கு முன் ஈப்போ அத்தையிடம் பேசித் தீர்ப்பது குடும்ப ஒற்றுமைக்கும் நல்லது. புதுக் கம்பெனிக் கடையில் ஐசியைக் கொடுத்து சிம் வாங்கியபின், ‘போகச் சம்மதமா’ என்று பழைய எண்ணுக்கே குறுஞ்செய்தி வரும். அதற்குப் பதில் அனுப்ப வேண்டும். ஸ்கேம் என்று நினைத்து அதை அழித்துவிட்டு, இன்னும் மாறவில்லையே என்று கடைப்பையனைத் திட்டுவோர் ஒரு தனிச் சாதி. பழைய சிம்மில் லைன் தானாகச் சாகும்வரை அதைக் கழற்றாமல் இருக்க வேண்டும். ஊடலில் இருப்பவருக்கு இந்தப் பொறுமை கடினம்.

கடைசியாகத் திணைமயக்கம் பற்றி ஒரு குறிப்பு. செல்கோமோடு ஊடி டிஜிக்கு வந்தவர்களும், டிஜியோடு ஊடி செல்கோமுக்குப் போனவர்களும் நாட்டில் உண்டு. 2022 இறுதியில் இரண்டும் ஒன்றாகி செல்கோம்டிஜி ஆயின. பிரிந்து வந்த தலைவியும் தேடிப் போன புதியவளும் ஒரே வீட்டில் அடுப்பு மூட்டியதைப் பார்த்துத் தலைவன் திகைத்து நின்றான். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பிய விதி. பள்ளத்தில் இருக்கும் லயம் இன்றும் பள்ளத்தில்தான் இருக்கிறது.