கேஷ் மாற்றுப் படலமும் அதன் உரையும்

ஆய்வுக்களம்: இல்ஃபோர்டில் கிரான்புரூக் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ் வீட்டில், மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரி. கரண்ட் மீட்டர், ஹூவர், அரிசி மூட்டை, நடுவே ஒரு லினக்ஸ் சர்வர். சர்வர் வைக்கும் இடமா இது எனின், ஆம் என்க. இதே ரோட்டு வீடொன்றின் நிலவறையில்தான் 1879இல் ஆல்ஃப்ரெட் ஹார்மன் புகைப்படத் தகடு செய்யத் தொடங்கினார். ஊர்ப் பெயர் ஃபிலிம் டப்பாவில் ஏறி உலகம் சுற்றியது. படம் காக்கும் தொழில் இவ்வூரில் கீழறைக்கு உரியது என்பது பெறப்படும்.

சர்வரின் ஹார்ட் டிஸ்க்கில் கல்யாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம் என வீடியோக்கள். வேகத்துக்காக முன்னால் கேஷாக ஓர் எஸ்எஸ்டி. இரண்டையும் பிணைப்பது பிகேஷ் என்னும் மென்பொருள். கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் எழுதியது, 2013இல் லினக்ஸ் 3.10இல் சேர்ந்தது. ஒரு கேஷை நம்பிப் பல டிஸ்க்குகள் வாழலாம். ஒரு டிஸ்க்குக்கு இரு கேஷ் ஆகாது. எனவே விதி:

"பற்றிய கேஷைப் பாக்கி தீர்த்து விட்டபின் அன்றிப் புதியது பற்றல் இலவே."

விடுதலாவது டிடாச் கட்டளை. பற்றலாவது புதுக் கேஷின் யூயூஐடியை அட்டாச் கோப்பில் எழுதுதல். பாக்கியாவது யாதோ எனின், ரைட்பேக் முறையில் எழுதியது முதலில் எஸ்எஸ்டியோடு நின்றுவிடும். டிஸ்க்குக்கு ஆறுதலாகத்தான் போகும். இடைப்பட்ட நேரத்தில் டிஸ்க்கில் கிடப்பது பழைய கதை. டிடாச் கொடுத்ததும் திரை உடனே அடுத்த கட்டளை கேட்கும். வேலை முடிந்ததென்று எஸ்எஸ்டியைப் பிடுங்குவோர் உளர். எடுத்த சீட்டைக் கட்டி முடிக்காமல் வீடு மாறுவோர் இனம் அவர். டிடாச் வெறும் மனு. டர்ட்டி டேட்டா என்னும் கோப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தால் ஜிபி எம்பியாகி, எம்பி கேபியாகித் தேய்வது தெரியும். ஸ்டேட் கோப்பு 'நோ கேஷ்' என்று சொன்ன பிறகே ஸ்க்ரூட்ரைவரைத் தொடலாம். எழுதுவதை உடனே டிஸ்க்கிலும் சேர்க்கும் ரைட்த்ரூ முறையில் இந்தப் பாக்கியே விழாது. பிகேஷ் பிறக்கும்போது இருப்பதும் அந்த முறைதான். அதை மாற்றியது வேகப்பித்து.

கேஷ் மாற்றிய பின்னும் மாமாவின் கல்யாண வீடியோ முன்போலவே திணறுவது என்னை எனின், புதுக் கேஷ் காலியாக வருவது ஒரு காரணம். மற்றது, தொடர்ச்சியாக 4 எம்பியைத் தாண்டும் வாசிப்பைப் பிகேஷ் தானாகவே டிஸ்க்குக்குத் திருப்பிவிடும். ஆகவே அவ்வீடியோவில் எந்த எஸ்எஸ்டியிலாவது ஏறியது, ஏறியிருந்தால், பிள்ளையார் படமும் 'திருமண நல்வாழ்த்துகள்' எழுத்துமே.