காசிக்குப் போக இரண்டு பட்டியல்கள்

காசிக்குக் கிளம்புவதில் மிகக் குறைந்த ஆயத்தம் செய்பவர் கல்யாண மாப்பிள்ளைதான். குடை, விசிறி, கைத்தடி, புதுச் செருப்பு. அவ்வளவோடு மண்டபத்து வாசலைத் தாண்டிவிடுவார். பத்தடி போவதற்குள் மாமனார் ஓடிவந்து, பெண்ணைத் தருகிறேன் என்று சொல்லித் திருப்பி அழைத்து வந்துவிடுவார். எங்களைத் திருப்பி அழைக்க யாரும் ஓடிவராத காரணத்தால், எங்கள் குடும்பம் இரண்டு முறை மதுரையிலிருந்து காரிலேயே காசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் முறை 1986-இல். எனக்குப் பன்னிரண்டு வயது. பின் சீட்டில் அப்பத்தாவுக்கும் கூஜாவுக்கும் நடுவில் இடம். இரண்டாவது முறை 2024-இல். இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்; அதிகாரம் மட்டும் அன்றைக்கு இருந்த அளவேதான்.

1986-இல் ரயில் இல்லாமல் இல்லை. அப்பத்தாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "நெனச்ச எடத்துல எறங்க முடியாதது என்னடா வண்டி?" என்றாள். அந்தச் சமயம் பார்த்து அப்பா ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அது இப்போது உயிரோடு இல்லை. போனவர்களைக் குறை சொல்லக் கூடாது. நினைத்த இடத்தில் நிற்கும் வண்டி என்று மட்டும் சொல்லலாம். நாங்கள் நினைத்த இடத்தில் அல்ல, அது நினைத்த இடத்தில்.

பயணம் மே மாத விடுமுறையில். ஆயத்தம் தைப்பூசத்தன்றே தொடங்கிவிட்டது. அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, கீழே 'என்.எச். 7' என்று எழுதினார். கன்னியாகுமரியில் தொடங்கி வாரணாசி வரை 2,369 கிலோமீட்டர் ஓடிய அந்தச் சாலைதான் அப்போது இந்தியாவிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை. மதுரைக்காரர்களுக்கு அதில் முதல் இருநூற்றுச் சொச்சம் தள்ளுபடி. "ஒரே ரோடு. மதுரையில ஏறுனா காசியில எறக்கி விட்டுரும். இதுல எப்படி வழி தப்பும்?" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் மேப்பை மட்டும் நம்பாமல் நாமக்கல் போய்வந்தார். லாரிகளின் ஊர் அது. அங்கே ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் இருபது வருஷம் நாக்பூர் லைனில் லாரி ஓட்டியவர். அவர் வழி சொன்னது கிலோமீட்டரில் அல்ல, சோற்றில். "ஐதராபாத் வரைக்கும் சோறு தம்பி. ஆதிலாபாத் தாண்டினா ரொட்டி. ஜபல்பூருக்கு அந்தப் பக்கம் ரோடும் கெடையாது, சோறும் கெடையாது. இருட்டுனா ஓட்டாதீங்க. ஓட்டியே ஆகோணும்னா நாலு லாரிக்கு நடுவுல போங்க." அப்பா இதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த நோட்டின் மூன்றாம் பக்கத்தில் பாரத தேசம் சோறு, ரொட்டி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

நான்காம் பக்கத்திலிருந்து பத்தாம் பக்கம் வரை உதிரிபாகங்கள். ஸ்டெப்னி இரண்டு. ட்யூப் இரண்டு. பிளக் நான்கு. பிளாட்டினம் பாயின்ட், கண்டன்சர், ரோட்டர். பஞ்சர் சொல்யூஷன், காற்றடிக்கும் பம்ப், ஜாக்கி, பத்து கஜம் கயிறு. பெட்ரோல் டாங்க் ஒழுகினால் அடைக்க பார் சோப்பு. பெட்ரோல் பம்ப் சூடேறி அடைத்துக்கொண்டால் நனைத்துப் போட கோணித்துணி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபேன் பெல்ட் இரண்டு. அதற்காக மட்டும் மூன்று வாரம் அலைந்தார். பெல்ட் வந்த நாளில் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்ததை நானே பார்த்தேன். எல்லாம் சேர்ந்தபோது, வண்டிக்குள் இன்னொரு வண்டி பிரித்த நிலையில் பயணம் செய்யப்போகிறது என்பது தெரிந்தது.

அம்மாவின் பட்டியல் நோட்டில் இல்லை, அவள் தலையில் இருந்தது. மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லி முதல் நாளுக்கு, புளியோதரை இரண்டாம் நாளுக்கு, அதற்குப் பிறகு முறுக்கு, தட்டை, பொரிவிளங்காய் உருண்டை. ஸ்டவ், பின், மண்ணெண்ணெய், அரிசி, பருப்பு. மஞ்சள் தூள் டப்பா ஒன்றை எடுத்து வைத்தபோது மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னொரு டப்பாவும் எடுத்துக்கங்கக்கா. ரேடியேட்டர் ஒழுகுனா உள்ள போட்டா ஓட்டை அடைச்சுக்கும்" என்றார். அம்மா எடுத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த வண்டியை அவள் பார்த்த பார்வையே வேறு. மஞ்சள் கேட்கிற ஜீவன் என்றால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

கிளம்ப வேண்டிய நாளில்தான் தகராறு வந்தது. அப்பாவுக்கு விடுப்பு தொடங்கியது புதன்கிழமை. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். காசியோ நேர் வடக்கே. நான்கு மாத ஆயத்தத்தில் யாரும் காலண்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அவளே வழியும் சொன்னாள்: வடக்குச் சூலத்துக்குப் பால். ஆளுக்கொரு தம்ளர் குடித்தோம். வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அப்பா பனியனுக்குள் தைத்திருந்த பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சாவியைத் திருகினார். மூன்றாவது திருகலில் வண்டி புறப்பட்டது.

இனி 2024. பட்டியல் இப்போது நோட்டில் இல்லை. சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் மகன் ஒரு எக்செல் கோப்பு அனுப்பினான். அதில் ஏழு ஷீட்டுகள். போகிறவர்கள் நான்கு பேர்: எழுபத்தேழு வயது அம்மா, மனைவி, மகன், நான். 'காசி 2024' வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர். வராத ஏழு பேரும்தான் அதிகம் பேசினார்கள். டல்லாஸில் இருக்கும் மைத்துனர், நாக்பூர் அருகே எந்த ஹோட்டலில் கழிப்பறை சுத்தம் என்பதை அங்கிருந்தே கண்டுபிடித்துச் சொன்னார்.

முதல் ஷீட் வழி. அப்பாவின் நோட்டைப் பரணிலிருந்து எடுத்து, "ஒரே ரோடுதான்டா" என்றேன். மகன் சிரித்தான். 2010-இல் நெடுஞ்சாலை எண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். மதுரை வழியாகப் போகும் பழைய 7 இப்போது 44. அது காசிக்குப் போவதில்லை, ஸ்ரீநகருக்குப் போகிறது. காசிக்குப் போகிறவர்கள் மத்தியப் பிரதேசத்தில் லக்னாதோன் என்ற ஊரில் அதைவிட்டுப் பிரிய வேண்டும். தாத்தாவை நம்பி நேராகப் போனால் காசிக்குப் பதில் காஷ்மீர். திரும்பவே வேண்டாத சாலையில் முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு திருப்பம் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஷீட்டில் தங்குமிடங்கள், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்ற கணக்கோடு. மூன்றாவதில் மாத்திரைகள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிறு, முட்டி. அன்று வண்டிக்கு எடுத்துப்போன உதிரிபாகங்களும் இன்று எங்களுக்கு எடுத்துப்போகும் உதிரிபாகங்களும் எண்ணிக்கையில் அநேகமாகச் சமம். நான்காவதில் வயர்கள். ஐந்தாவது சுங்கச்சாவடிகள். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். கண்ணாடியில் ஒட்டிய சீட்டு தானாகவே பணம் கட்டும். "கையக்கூட நீட்ட வேணாமா? அப்ப நாம காசு குடுத்தது நமக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்டாள். இதைவிடத் தெளிவாக ஃபாஸ்டேக்கை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

வண்டிக்கென்று ஷீட் எதுவும் இல்லை. சர்வீஸ் விட்ட இடத்தில் ஃபேன் பெல்ட் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்தத் தம்பி என்னைப் பரிவோடு பார்த்து, "அதெல்லாம் வேண்டாம் சார். ஏதாவதுன்னா லேப்டாப் சொருகினாத்தான் தெரியும். நீங்க பானெட்டைத் திறக்காம இருந்தாலே போதும்" என்றார். டிக்கியில் ஒரு குட்டி ஸ்டெப்னி இருந்தது. எண்பதுக்கு மேல் ஓட்டாதே என்று அதன் மேலேயே எழுதியிருந்தது.

1986-இல் இருந்த கவலை, வண்டி நின்றுவிடுமோ என்பது. 2024-இன் கவலை, வண்டியை எங்கே நிறுத்துவது என்பது. எடையில் இரண்டும் ஒன்றுதான்.

புறப்படும் தேதியை மகன் ஹோட்டல் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தான். செவ்வாய்க்கிழமை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சோபாவில் அப்பத்தாவைப் போலவே உட்கார்ந்தாள். நான் பேசாமல் போய் ஆவின் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தேன். ஆறு ஏர்பேக் உள்ள வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம்.

முதல் பயணம் ஆறு நாள். பல இடங்களில் தார் ஒரு வண்டிக்கான அகலம்தான். எதிரே லாரி வந்தால் யார் மண்ணில் இறங்குவது என்பதை ஹாரன் தீர்மானிக்கும். மஞ்சள் தலைப்பாகை கட்டிய மைல்கற்களை நான் உரக்க எண்ணிக்கொண்டு வந்தேன். நிர்மல் என்ற ஊருக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் ஃபேன் பெல்ட் அறுந்தது. அப்பா கண்ணில் ஒரு வெளிச்சம். நான்கு மாதமாக அவர் காத்திருந்த தருணம். பெட்டியைத் திறந்து புதுப் பெல்ட்டை எடுத்து மாட்டினார். மாட்டவில்லை. இன்னொன்றையும் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு. இரண்டும் வேறு ஏதோ வண்டிக்கானவை.

அந்த வழியே வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கி, பாஷை தெரியாமலே நிலைமையைப் புரிந்துகொண்டு, துணி வேண்டும் என்று சைகை காட்டினார். அப்பத்தா தன் பழைய சுங்குடிச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். கிழித்து, முறுக்கி, முடிச்சிட்டு, புல்லியில் இழுத்துக் கட்டினார். மதுரைச் சுங்குடி சுற்ற, வண்டி மெல்ல நிர்மல் போய்ச் சேர்ந்தது. சரியான பெல்ட் வர ஒன்றரை நாள் ஆனது. அதற்குள் நிர்மலின் மரப் பொம்மைக்காரர்கள் செய்வதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அங்கே வாங்கிய மரச் சீத்தாப்பழம் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நாக்பூரில் ஜீரோ மைல் தூணைச் சுற்றி நிற்கும் நான்கு குதிரைகளைக் காட்டி, அப்பா தேசத்துக்கே நடுவில் வந்துவிட்டோம் என்றார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

போகும் வழியில் மூன்று ஊர்களிலிருந்து அப்பா 15 பைசா கார்டு போட்டார், 'நலம், வண்டியும் நலம்' என்று. பொய் எழுதிய நிர்மல் கார்டுதான் முதலில் வந்து சேர்ந்ததாம்.

இரண்டாவது பயணம் இரண்டரை நாள். நிர்மலைப் பார்க்கவில்லை, பைபாஸில் போனோம். நாக்பூரையும் சுற்றிக்கொண்டு போனோம். குதிரைகள் இருக்கின்றனவா என்று மகன் செல்பேசியில் பார்த்து, இருப்பதாகச் சொன்னான். பெஞ்ச் காட்டில் விலங்குகள் அடியில் கடந்துபோக வசதியாகச் சாலையையே பாலமாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே நாங்கள், கீழே புலி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத ஏற்பாடு. அம்மா மட்டும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். "ஒரு எடத்துலயும் வண்டி நிக்கலையேடா" என்றாள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

லக்னாதோன் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஷீட்டில் இல்லாத ஒரு தாபாவில் டீ குடிக்க நின்றோம். திரும்பி வந்தால் கார் திறக்கவில்லை. சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒரு ரூபாய்க் காசு அளவு பேட்டரி. ஏழு ஷீட்டிலும் அது இல்லை. மகன் வீடியோ தேடினான்; சிக்னல் இல்லை. உதவி எண் காப்பீட்டுத் தாளில் இருந்தது. தாள் காருக்குள் இருந்தது. அம்மா தாபாவின் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பயணத்தில் முதல் முறையாகச் சந்தோஷமாக நாலாபக்கமும் பார்த்தாள்.

அவள்தான் முதலில் கண்டாள். "அந்த வண்டி நம்ம வண்டிடா." போர் போடும் ரிக் லாரி. நம்பர் டி.என். 34, திருச்செங்கோடு. பாதி இந்தியாவுக்குப் போர் போட்டுத் தருவது அந்த ஊர் வண்டிகள்தான். டிரைவர் தம்பி வந்து சாவியை வாங்கி, பக்கத்தில் ஒரு பொத்தானை நெம்பினார். உள்ளேயிருந்து ஒரு சின்ன இரும்புச் சாவி வெளியே வந்தது. "சாவிக்குள்ளயே சாவி இருக்குதுங்க. இதுல கதவத் தெறங்க. அப்புறம் விரல்ல அமுக்காம, இந்தப் பெரிய சாவிய வெச்சே ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்க." அமுக்கினேன். உயிர் வந்தது. மொத்தம் நாலு நிமிஷம். பிறகு அம்மா அவரை உட்காரவைத்து, அவர் ஊர், மாரியம்மன் திருவிழா, போர் எத்தனை அடியில் தண்ணீர் காண்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினாள். அன்றைய ஷீட் அதோடு குலைந்தது.

காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். 1986-இல் அப்பத்தா கத்தரிக்காயை விட்டாள். உயிரையே வைத்திருந்த காய், கடைசிவரை தொடவில்லை. அப்பா முட்டைக்கோஸை விட்டார். அதற்கு முன்பும் அவர் அதைத் தொட்டதில்லை. நான் இம்முறை சர்க்கரையை விட்டேன். டாக்டர் இரண்டு வருஷம் முன்பே விடச் சொன்னதுதான்.

அப்பா ஆயத்தமாக இருந்தது பெல்ட் அறுவதற்கு. தவறான பெல்ட்டுக்கு அல்ல. மகன் ஆயத்தமாக இருந்தது எல்லாவற்றுக்கும், சாவிக்கு அல்ல. அடுத்து யாராவது காரில் காசிக்குக் கிளம்புவதாக இருந்தால், எங்கள் செலவில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: சாவிக்கு உபரியாக ஒரு பொத்தான் பேட்டரி, கிழிக்கத் தோதாக ஒரு பழைய பருத்திச் சேலை. செவ்வாய், புதன் என்றால் பாலும்.