பந்து பார்க்கப் போற பேராண்டிக்கு

அமெரிக்காவுல உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பார்க்கப் போறியாமே, பேராண்டி! ஓசூர் சிப்காட்டுல ஷிப்ட் போற பையன் நியூஜெர்சி வரைக்கும் போறான்னு சந்தூர் பஸ் ஸ்டாப்புல நாலு பேர் என்னை நிறுத்தி விசாரிக்கிறாங்க. பெருமையாத்தான் இருக்குது. 2026 ஜூன் 11-ல தொடங்கி ஜூலை 19 வரைக்கும் ஆட்டமாம். நம்ம தோட்டத்துல பெங்களூரா மாங்காய் இறங்கறதும் அதே நாள்லதான். காய் பறிக்கற நேரத்துல உங்கப்பனுக்கு மட்டும் வருஷா வருஷம் இடுப்பு வலி வரும். நீ ஒரு படி மேல போய் கண்டத்தையே தாண்டற. வம்சம் முன்னேறத்தான் செய்யுது.

டிக்கெட் விலை என்னன்னு கேட்டன். லீக் ஆட்டத்துக்கு 60 டாலர்ல ஆரம்பிச்சு, இறுதி ஆட்டத்துக்கு 6,730 டாலர் வரைக்கும்னு 2025-ல சொன்னாங்களாம். கேக்கற கூட்டத்தைப் பொறுத்து விலை ஏறவும் செய்யுமாம். எனக்கு டாலர் கணக்கு வராது, மாங்கா கணக்குதான் வரும். போன சீசன்ல பெங்களூராவை கிலோ அஞ்சு ரூபாய்க்குக் கேட்டான் யாவாரி. அந்தக் கணக்குல, லீக் ஆட்டத்தோட மட்டமான சீட்டுக்கே ஒரு டன் காய் போவணும். இறுதி ஆட்டத்துல நல்ல சீட்டு வேணும்னா நூறு டன்னுக்கு மேல. நம்ம தோட்டத்தோட பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்துப் பறிச்சாலும் பத்தாதுடா. யாவாரி கூட்டத்தைப் பார்த்து விலையை இறக்கறான், அவங்க கூட்டத்தைப் பார்த்து ஏத்தறாங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்.

டிக்கெட் கையில இருக்குதுன்னு விசா தானா வந்துடாது. சென்னைக்குப் போய் கவுன்ட்டர்ல நிக்கணும். திரும்பி வருவியான்னு கேப்பாங்க. தோட்டத்துப் பட்டா நகலை எடுத்துக் காட்டு. பட்டா இன்னும் என் பேர்லதான் இருக்குதுன்னு மட்டும் நீயா போய்ச் சொல்லாத. அவங்க கேட்டா ஒளிக்காத. என்னைக் கேட்டா, பேரன் கண்டிப்பா திரும்பி வருவான், பட்டா மாத்தற வரைக்கும் வருவான்னு எழுதியே தர்றன்.

மாம்பழத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடாத, அங்க இறங்கினதும் பிடுங்கிடுவாங்க. மைதானத்துக்குள்ள போறதுக்கும் உள்ள இருக்கறது வெளிய தெரியற கண்ணாடிப் பைதான். உன் பையில என்ன இருக்கப் போவுது, போன் சார்ஜர்தான, தைரியமா தூக்கிக்கிட்டுப் போ.

விமானம் ஏற தேவனஹள்ளி போவணும். பெங்களூரை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் குறுக்கால கடக்கணும். சில்க் போர்டு நெரிசல்ல நிக்கறப்ப கோவப்படாத. ஓசூர்லயே 2,000 ஏக்கர்ல விமான நிலையம்னு 2024-ல சட்டசபையில சொல்லியிருக்காங்க. அதுல ஏறித்தான் போவன்னு அடம் பிடிக்காத. பிடிச்சன்னா 2034-ல சவுதியில நடக்கற கோப்பைக்கு டிக்கெட் எடுத்து வெச்சுக்க.

சரி, யாரு ஆடறதைப் பார்க்கப் போற? 48 அணி, 104 ஆட்டம், அதுல நம்ம பேரு இல்ல. 2024 ஜூன்ல தோஹாவுல நடந்த தகுதிச் சுற்று ஆட்டத்துல கத்தார்கிட்ட 1-2-ன்னு தோத்து வெளிய வந்தோம். கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ள இழுத்து அவங்க போட்ட கோலுக்கு ரெஃபரி தலையாட்டினார். அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கல. ஆனா ஒரு காலத்துல நம்மளயும் கூப்பிட்டாங்கடா. 1950-ல பிரேசில் கோப்பைக்குத் தகுதிச் சுற்றுல நம்ம கூட இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூணும் விலகிட்டாங்க. ஒரு பந்துகூட உதைக்காம நமக்கு இடம் கிடைச்சுது. நாம போகல. பூட்ஸ் இல்லாததால போகலன்னு ஊரெல்லாம் ஒரு கதை இருக்குது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பெரும்பாலானவங்க வெறுங்காலோட இறங்கி பிரான்சை மிரட்டினதும், சாரங்கபாணி ராமன் கோல் போட்டதும் நடந்த விஷயம். ஆனா பிரேசிலுக்குப் போகாததுக்குக் கால் காரணமில்ல. தூரம், செலவு, ஒலிம்பிக்ஸ்தான் பெருசுங்கற நினைப்புன்னு சொல்வாங்க. பத்திரிகை வெச்சும் கல்யாணத்துக்குப் போகாத நாடு இது. பத்திரிகை இல்லாமலே பந்திக்கு ஓடறவன் நீ.

போ, வேணாங்கல. ஆனா ஓசூர்ல இருந்து நாப்பது கிலோமீட்டர்ல, பெங்களூர்ல இருக்கற கண்டீரவா ஸ்டேடியத்துக்கு ஒரு நாளாவது போயிருக்கியா? 2023 ஜூலை 4-ஆம் தேதி அங்க தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம், நமக்கும் குவைத்துக்கும். 1-1-ல முடிஞ்சு, பெனால்டியில 5-4-ன்னு கோப்பையைத் தூக்கினோம். சேத்ரி கேப்டன். நான் பஸ் பிடிச்சுப் போய்ப் பார்த்தன். உன்னைக் கூப்பிட்டதுக்கு சந்தாபுராவுல டிராபிக்குன்னு சொன்ன. அட்லாண்டிக்ல டிராபிக் இல்லபோல.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காத. 2022 டிசம்பர் 18-ல லுசைல் மைதானத்துல அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதினப்ப எண்பதாவது நிமிஷம் வரைக்கும் 2-0. மெஸ்ஸி கூட்டம் கோப்பையைத் தூக்கிடுச்சுன்னு எல்லாரும் முடிவே கட்டிட்டாங்க. அப்புறம் எம்பாப்பே 97 விநாடிக்குள்ள ரெண்டு கோல் போட்டான். அந்த நேரம் பார்த்து ஒண்ணுக்குப் போனவன், முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தவன், வாட்ஸாப்புல ஸ்டேட்டஸ் போட்டவன், இவங்க எல்லாரும் கத்தார் வரைக்கும் போய் ஆட்டத்தைத் தவற விட்டவங்க. வீட்டுல பாய் விரிச்சுக் குந்தியிருந்த நான் பார்த்துட்டன்.

அதனால அங்க போய் பந்தைப் பார்க்காத. பந்தை டிவி காட்டும், எனக்கு இங்க ராத்திரி பன்னண்டரைக்கு நல்லாவே காட்டும், திருப்பித் திருப்பி வேற காட்டும். டிவி காட்டாததைப் பாரு. பந்து அந்தப் பக்கம் இருக்கறப்ப இந்தப் பக்கத்து கோல்கீப்பர் என்ன பண்றான், ஸ்டாப்பர் பேக் கையை நீட்டி யாரை எங்க நிக்கச் சொல்றான், பந்து வராத மூலையில ஒரு ஆள் எதுக்கு உயிரை விட்டு ஓடி, கூட ஒருத்தனை இழுத்துக்கிட்டுப் போறான்னு பாரு. கோல் அங்கதான் பொறக்குது. போனை உள்ள வெச்சுட்டுப் பார்த்தா, நூறு டன் மாங்காவுல ஒரு பத்து டன்னாவது தேறும்.

ஆட்டம் முடிஞ்சதும் போன் பண்ணு. நீ நேர்ல பார்த்ததைச் சொல்லு, நான் டிவியில பார்த்ததைச் சொல்றன். ரெண்டும் ஒண்ணாவே இருந்துச்சுன்னா, அடுத்த கோப்பைக்கு என்னை அனுப்பு.