உறங்கும் புல்லட்டை உதைத்து எழுப்புவது எப்படி?

தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிய புல்லட் ஒன்று மாட்டுக்கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறதா? அதை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டதா? அப்படியானால் முதலில், இந்த ஆசையை யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்லாவிட்டாலும் பலனில்லை என்பது வேறு விஷயம். தார்ப்பாயை இழுக்கிற சத்தத்துக்கே பாதித் தெரு வந்துவிடும்.

வந்தவர்களை வகை பிரித்துக்கொள்வது நல்லது. ஒருவர், தன் அப்பா இதே மாடலில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போய்வந்த கதையைச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், தீங்கில்லை. இன்னொருவர் மஸ்கட்டில் இருந்தவர். அங்கே பார்த்தது ஏ.சி. மெக்கானிக் வேலைதான் என்றாலும், நட்டும் போல்ட்டும் இருக்கிற எதைப் பற்றியும் கருத்துச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மூன்றாமவர் அதிகம் பேச மாட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டேங்க்கை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "குடுக்கிற மாதிரி இருந்தா சொல்லுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவார். வந்ததில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது தாய்மாமனிடம். "என்ன மாப்ளே யோசிக்கிறே? பெட்ரோலை ஊத்து, ஓங்கி ஒரு உதை விடு, எந்திரிச்சிரும்" என்பார். வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்தார் என்றால் உடனே உள்ளே காபிக்கு அனுப்பிவிடுங்கள்.

மாமா சொல்வதில் என்ன தப்பு? புல்லட் 350-க்கு இருப்பது ஒரே சிலிண்டர், 346 சி.சி. போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நின்றே கிடந்த வண்டியில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் எப்போதோ வடிந்து காய்ந்திருக்கும். வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஈரக்காற்று உள்ளே போய்வந்திருக்கும். துருப்பிடித்த சுவரும் பிஸ்டன் ரிங்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த லட்சணத்தில் மாமா மொத்த எடையையும் கிக்கர் மேல் இறக்கினால் ரிங் உடையும், அல்லது கிக்கரின் பல்சக்கரம் உடையும். நல்ல நேரமாக இருந்தால் மாமா வழுக்கி விழுவதோடு போகும்.

ஆகவே உதைக்கு இன்னும் வெகுநேரம் இருக்கிறது. சைலன்சரிலிருந்து தொடங்குங்கள். அதன் வாய்க்குள் டார்ச் அடித்தால் குளவி மண்கூடு கட்டியிருப்பது தெரியும். குச்சியை எடுக்கும்போதே அம்மா குறுக்கே வந்து நிற்பார். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும், கை வைக்கக் கூடாது. "கூடு கட்டினது புல்லட்டுக்குள்ளம்மா, பிறந்தா அதுக்குத்தான் பிறக்கும்" என்று சொல்லிப் பார்க்கலாம். அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு இந்தக் கட்டுரை பொறுப்பேற்காது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் பல்லி முட்டை இருக்கும். சீட்டுக்கு அடியில் எலி கடித்த வயர் இருக்கும். வயரை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது டேங்க். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் என்றால் சுரீரென்று மூக்கில் ஏறும். பழையது வார்னிஷ் நெடி அடிக்கும். ஆவியாக வேண்டியதெல்லாம் ஆவியாகி, மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டருக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிப் பைலட் ஜெட்டைத் தனியே எடுங்கள். கடுகு கனத்துக்கு நடுவே தலைமயிர் நுழைகிற ஓட்டை. வானத்தைப் பார்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால், ஓட்டை சுத்தமாக இருந்தால் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும். தெரியவில்லை என்றால் மாமா காபி குடித்துவிட்டு வந்து ஊக்கு ஒன்றை நீட்டுவார். வாங்காதீர்கள். ஜெட் பித்தளை, ஊக்கு இரும்பு. குத்தினால் ஓட்டை பெரிதாகும், வண்டி ஆயுசுக்கும் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்துக் கரும்புகை கக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடித்தால் போதும்.

டேங்க்குக்குள் துரு இருந்தால் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரை ஒரு ராத்திரி நிரப்பி வைத்து, மறுநாள் சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனே காயவைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் மாலைக்குள் மறுபடி துரு படியும். பெட்ரோல் டியூபைப் புதிதாக மாற்றிவிடுவது உத்தமம். இப்போது பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது.

இனி ஆயில். இங்கேதான் விவரம் தெரிந்தவர்கள் என்று நம்பப்படுகிறவர்கள் வரிசையாக விழுவார்கள். புல்லட்டுக்கு ஆயில் டேங்க் தனியாக இல்லை. இன்ஜின் கூட்டுக்குள்ளேயே அதற்கு ஓர் அறை. வண்டி சும்மா நிற்கும்போது அந்த ஆயில் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, கிராங்க் சுழலும் பக்கத்து அறைக்குப் போய்விடும். அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயிலே இல்லை என்று காட்டும். மஸ்கட்காரர் "டிரை ஆயிடுச்சு, ஊத்துங்க" என்பார். ஊற்றினால் ஓர் இன்ஜினுக்குள் இரண்டு இன்ஜினுக்கான ஆயில். ஸ்டார்ட் ஆனதும் அது புகையாகவும் ஒழுகலாகவும் வெளியே வந்து தெருவையே மெழுகும். முதலில் அடியில் இருக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றி, பழசு முழுவதையும் பழைய பக்கெட்டில் வடியுங்கள். கறுப்பாக வந்தால் கவலையில்லை. காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, இரண்டு மூன்று நாள் வண்டியைச் சும்மா விடுங்கள். இந்தச் சும்மா விடுவதுதான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி. மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு, ஸ்டாண்டில் வைத்தபடியே பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். முதலில் கல்லாக நிற்கும். அப்புறம் அரை அங்குலம் நகரும். "களுக்" என்று ஒரு சத்தம் கேட்டுச் சக்கரம் சுற்றினால் பிஸ்டன் விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். பிளக் இல்லாமலே கையால் கிக்கரை அழுத்திப் பல தடவை சுற்றவிடுங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டும் அழுத்திப் பாருங்கள். அப்போதும் இன்ஜின் சேர்ந்து சுற்றினால் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பாயிண்ட்டை உப்புத்தாளால் லேசாக ஒரு தேய், ஃபீலர் கேஜ் வைத்து 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இடைவெளி. பிளக்குக்கு ஆக்ஸா பிளேடு நுழைகிற இடைவெளி என்பது பட்டறைக் கணக்கு. பேட்டரி புதிது வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சாமான் கிடைக்குமா என்ற பயமும் வேண்டாம். 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கித் திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்த பிறகு, பல பத்தாண்டுகள் அதே இன்ஜினைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டினார்கள். சோம்பல் என்று அன்றைக்குத் திட்டினோம். அதன் புண்ணியத்தில்தான் இன்றைக்கும் சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தாத்தா வண்டிக்கு பிஸ்டன் கிடைக்கிறது.

எல்லாம் மாட்டியாயிற்று. வீட்டில் பூஜை போடச் சொல்வார்கள். போடுங்கள். ஆனால் கற்பூரத்தைப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே காட்டி முடித்துவிடுங்கள். தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

இப்போது உதை. சாவியைத் திருப்பி, கிக்கரைக் காலால் நிதானமாக அழுத்துங்கள். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற அம்மீட்டரில் கண் இருக்கட்டும். முள் மைனஸ் பக்கம் சாயும், இன்னும் அழுத்தினால் நடுவுக்குத் திரும்பும். நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, காலுக்குக் கீழே கிக்கர் விறைத்துக்கொண்டு நிற்கும். இடதுகை டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் சற்றே கிக்கரை நகர்த்தி, டிகம்ப்ரஸரை விட்டுவிட்டு, கிக்கர் முழுவதும் மேலே வரட்டும். சோக் போட்டாயிற்றா? முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறதா? சரி. தயங்காமல், பாதியில் விடாமல், கடைசி வரைக்கும் ஒரே உதை. அரைகுறையாக உதைத்தவர்களைப் புல்லட் திருப்பி உதைக்கும். ஊருக்கு ஊர் இன்னும் கணுக்காலைத் தடவிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இதற்குச் சாட்சி.

ஸ்டார்ட் ஆகாது. முதல் உதையில் ஆகிற வண்டி சினிமாவில்தான் உண்டு. கூட்டத்தில் யாராவது "பிளக்குல கரண்ட் வருதா பாருங்க" என்பார்கள், பாருங்கள். திரும்பவும் முள், டிகம்ப்ரஸர், உதை. ஒரு கட்டத்தில் 'புஸ்' என்று ஒரு மூச்சு வரும், பிறகு இரண்டு அடி, பிறகு மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். சிலிண்டரில் ஊற்றிய எண்ணெயெல்லாம் வெண்புகையாகக் கிளம்பி, காயப்போட்ட துணி முழுவதும் ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் ஆக்ஸிலேட்டரை முறுக்கச் சொல்வார்கள். முறுக்காதீர்கள். ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது, இறுக்கிவிடலாம். கசியவில்லை என்றால் அந்த நொடியே அணையுங்கள், மாமா என்ன சொன்னாலும் சரி. "நான் உதைச்சிருந்தா அப்பவே ஆயிருக்கும்" என்பதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

ரோட்டில் இறக்குமுன் பிரேக்கையும் டயரையும் மாற்றுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்க வேண்டும். 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக இருந்தால், 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'வி.ஏ.' எழுத்துள்ள விண்டேஜ் பதிவு எண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

ஒரு சங்கதி பாக்கி. வண்டியை அணைத்ததும் பெட்ரோல் டேப்பை மூடி, சாவியைக் கையோடு எடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி ஆனில் கிடந்தால் காயில் சுட்டுப்போகும், புது பேட்டரியும் காலியாகும். வாரம் ஒரு தடவை இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். வாசலிலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டு அணைத்தால், உள்ளே உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலில் கலந்து மறுபடி துருவேற்றும். ஓட்ட நேரமில்லை என்றால் ஓட்டுகிற ஒருவருக்கு விற்றுவிடுங்கள்.